கொத்துச் சத்தம் நிற்கும் நேரம்: ஸ்காபரோவில் கனடாவின் ஹொக்கி பார்க்க ஒரு கடை

இந்த உணவகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் முதலாளியே கேட்டுக்கொண்டார். "இருக்கிற கதிரையளே வாற ஆக்களுக்குக் காணாது தம்பி, நீர் எழுதி இன்னும் நாலு பேரைக் கூப்பிடாதையும்" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே இன்னொரு மீன் ரோலைத் தட்டில் வைத்தார். ஆகவே ஸ்காபரோவில், மார்க்கம் வீதிக்கு அண்மையில், ஒரு பல் வைத்தியசாலைக்கும் ஒரு நகைக்கடைக்கும் நடுவில் இருக்கிற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யன்னலில் மேப்பிள் இலைக் கொடி தொங்கும். அதன் கீழே "கொத்து, ரோல்ஸ், ஹொக்கி" என்று கையால் எழுதிய அட்டை இருக்கும். தேடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாதாரண நாளில் இது ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் எங்கு திரும்பினாலும் காணக்கூடிய ஒரு சாப்பாட்டுக்கடைதான். மதியத்தில் சோறும் கறியும், மாலையில் கொத்தும் ரோல்ஸும், வேலை முடிந்து வீடு போகிறவர்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டு போகும் பொதிகளும் என்று அதன் வியாபாரம் நடக்கிறது. அதைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. கனடாவின் தேசிய அணி வேறொரு நாட்டு அணியோடு ஐஸ் ஹொக்கி ஆடும் நாட்களில்தான் இந்தக் கடை வேறொன்றாகிறது. 2024 டிசெம்பர் 26 இல் ஒட்டாவாவில் தொடங்கிய உலக இளையோர் போட்டியிலிருந்து 2025 மே மாதத்து ஆண்கள் உலகப் போட்டி வரை ஒன்பது ஆட்டங்களை நான் இங்கே இருந்து பார்த்திருக்கிறேன். கனடா வென்றவையும் தோற்றவையும் அவற்றில் உண்டு. ஒரு கடையை அளப்பதற்குத் தோற்ற இரவுகளும் தேவைப்படுகின்றன.

ஆட்டம் பார்ப்பதற்கென்று கடைக்குப் போகிறவன் வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் போகிறான். திரை வீட்டிலும் இருக்கிறது. சாப்பாடு வீட்டில் இதைவிட நன்றாகவே இருக்கலாம். கிடைக்காதது, முன்பின் தெரியாத நாற்பது பேரோடு ஒரே நொடியில் மூச்சைப் பிடித்து, ஒரே நொடியில் அதை விடுவது. இதற்காகவே காசு கொடுக்கிறேன் என்ற கணக்கில்தான் கீழே வரும் பாராட்டுகளும் குறைகளும் எழுதப்படுகின்றன.

முன்னறையில் நாற்பது பேர் அமரலாம். கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய திரை, பக்கச் சுவரில் ஒரு சிறிய திரை. தூணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மேசைகளைத் தவிர எங்கிருந்து பார்த்தாலும் பக் எனப்படும் அந்தக் கறுப்பு வட்டு போகும் பாதை தெரிகிறது. வர்ணனை முழு ஒலியில் ஓடும். இதை ஒரு பெரிய விடயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நகரில் பல இடங்களில் திரையில் ஹொக்கியும் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பாட்டும் ஒரே நேரத்தில் ஓடும், பனித்தளத்தில் சப்பாத்தின் கத்தி உராயும் சத்தமும், மட்டையில் பக் படும் அந்த உலர்ந்த ஒலியும் கேட்காவிட்டால் இந்த விளையாட்டில் பாதி இல்லை. மதுபான உரிமம் இல்லை. எடுக்கவும் போவதில்லை என்கிறார் முதலாளி. அதனால் சிலர் வராமல் இருக்கலாம். அதனாலேதான் பாட்டிமாரும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதை ஒரு இரவு போய்ப் பார்த்தால் விளங்கும்.

கொத்து ரொட்டிக் கடையில் ஹொக்கி பார்ப்பதில் ஓர் இயல்பான சிக்கல் உண்டு. சூடான இரும்புத் தட்டில் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்தும் சத்தம் எந்த வர்ணனையாளரையும் தோற்கடிக்கும். இந்தக் கடை அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: ஆட்டத்தின் இறுதிப் பகுதியான மூன்றாம் பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களிலும் மேலதிக நேரத்திலும் கொத்துப் போட மாட்டார்கள். கொத்துப் போடுகிறவர் தகடுகளைத் தட்டின் ஓரத்தில் சாய்த்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் வந்து நிற்பார். "மூண்டாம் பீரியட் தொடங்க முன்னம் சொல்லிப்போடும், பிறகு அவன் கொத்தமாட்டான்" என்று முதலாளி புதிதாக வருகிறவர்களை எச்சரிப்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு அது வியாபாரம் தெரியாதவரின் பேச்சாகப்பட்டது. அந்தத் தகடுகள் நின்ற கணத்தில் கடைக்குள் விழும் அமைதியை ஒருமுறை அனுபவித்தவர்கள், அதற்காகவே மீண்டும் வருவார்கள். கொத்துச் சத்தம் நின்றுவிட்டால் பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்பது இப்போது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

2025 பெப்ரவரி 20, வியாழக்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகள் மோதிய போட்டியின் இறுதி ஆட்டம் பொஸ்ரனில் நடந்தது. வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல், 2018 இலும் 2022 இலும் தன் வீரர்களை ஒலிம்பிக்கிற்கு அனுப்பவில்லை; ஆகவே மிகச் சிறந்த வீரர்கள் நாட்டுக்காக ஆடும் ஆட்டமொன்றை இந்த நாடு பல வருடங்களாகப் பார்த்திருக்கவில்லை. அதோடு, அந்த மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கனடாவை ஐம்பத்தோராவது மாநிலமாக்குவது பற்றியும் இறக்குமதி வரி பற்றியும் நாள் தவறாமல் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நாட்களுக்கு முன்னர் மொன்றியலில் இதே இரு அணிகளும் மோதியபோது முதல் ஒன்பது விநாடிகளுக்குள் மூன்று கைகலப்புகள் நடந்தன. கனடா 3-1 என்று தோற்றது. அன்று அரங்கில் இருந்த கனடிய இரசிகர்கள் அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கூவிக் குழப்பினார்கள்.

இறுதியாட்ட இரவில் கடை ஏழு மணிக்கே நிரம்பிவிட்டது. ரொறன்ரோவில் அந்த வாரம் கொட்டிய பனி வீதியோரங்களில் இடுப்பளவு குவிந்து கிடந்தது. வாசலில் கழற்றிய குளிர்ச் சப்பாத்துகள் ஒரு கோயில் திருவிழாவை நினைவூட்டின. அமெரிக்க கீதம் தொடங்கியபோது பின்மேசை இளைஞர்கள் சிலர் "பூ" என்று ஆரம்பித்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து குரலை உயர்த்தாமலே சொன்னார்: "கூ அடிக்கிற ஆக்கள் வெளியிலை நிண்டு அடிக்கலாம். உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் அடுத்தவன்ர பாட்டுக்கும் எழும்பி நில்லுங்கோ." வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருந்தது என்பதும் அவருடைய வாதத்துக்கு உதவியிருக்கலாம். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பிறகு "ஓ கனடா". அன்று அதைப் பாடிய கனடியப் பாடகி சந்தால் கிரேவியாசுக் ஒரு வரியை மாற்றிப் பாடினார். "உன் மைந்தர் அனைவரிலும்" என்ற பொருளில் இருந்து, 2018 இல் சட்டப்படி "எம் அனைவரிலும்" என்று மாற்றப்பட்ட அந்த வரி, அவர் வாயில் "எம்மால் மட்டுமே" என்று ஆனது. இந்த நாட்டை ஆள்வது நாங்கள் மட்டுமே என்ற அந்த மறுப்பு முன்வரிசையில் இருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது; மற்றவர்களுக்கு அவர்கள் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் பக்கத்து மேசையில் இருந்த, வடமராட்சியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அது என்னவென்று தன் பேத்தியிடம் கேட்டு அறிந்துகொண்டார். தேசிய கீதம் என்ற சொல் எங்கள் ஊரில் பிறந்த பலருக்கு எளிதான சொல் அல்ல. இலங்கையின் சுதந்திர தின அரச விழாவில் 2016 இல் அதைத் தமிழிலும் பாட விட்டார்கள். 2020 இல் அதை நிறுத்திவிட்டார்கள். யாரும் கேட்காமல், முழங்கால் வலியோடு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டின் பாட்டுக்காக அவர் நின்றதை நான் பார்த்தேன். பாட்டு முடிந்த பின்னும் உடனே அமரவில்லை.

ஆட்டத்தைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். கடையைப் பற்றிய குறிப்பு என்பதால் சுருக்குகிறேன். நேதன் மக்கினன் முதல் கோலை அடித்தார். பிரேடி கச்சக்கும் ஜேக் சாண்டர்சனும் அமெரிக்காவை முன்னே கொண்டுபோனார்கள். சாம் பெனட் இரண்டாம் பகுதியில் சமன் செய்தார். மூன்றாம் பகுதியில் கோல் இல்லை. தகடுகள் ஓய்ந்தன. மேலதிக நேரத்தில் முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறை பக் கனடாவின் பக்கம் வந்தபோதும் நாற்பது பேரும் மேசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். கோல் காப்பாளர் ஜோர்டன் பினிங்டன் அந்த எட்டு நிமிடங்களில் தடுத்தவற்றில் ஒன்று, அமெரிக்க அணித்தலைவர் ஒஸ்டன் மத்யூஸ் அடித்தது. இங்கே ரொறன்ரோக்காரருக்கே உரிய ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும்: மத்யூஸ் எங்கள் நகரத்து மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தலைவர். 1967 இற்குப் பிறகு என்எச்எல்லின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைக் கண்ணால் காணாத இந்த நகரம், வருடம் முழுவதும் அவர் கோல் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும் நகரம், அன்று ஒரு இரவுக்கு மட்டும் அவர் தவறவிட வேண்டும் என்று வேண்டியது. அவருடைய 34 ஆம் இலக்க மேலாடையோடு வந்திருந்த ஒரு சிறுவன், முதல் பகுதி முடிவதற்குள் அதன் மேல் தன் குளிர்ச்சட்டையைப் போட்டு கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டான். சூடான கடைக்குள் வியர்த்துக்கொண்டு கடைசிவரை அப்படியே இருந்தான்.

மேலதிக நேரத்தின் 8 நிமிடம் 18 ஆவது விநாடியில் மிட்ச் மார்னர் தள்ளிய பக்கை கொனர் மெக்டேவிட் வலைக்குள் அனுப்பினார். மார்னர் மார்க்கத்தில் பிறந்தவர். மெக்டேவிட் பிறந்தது ரிச்மண்ட் ஹில்லில். இரண்டு ஊர்களும் இந்தக் கடையிலிருந்து காரில் அரை மணிக்குள் போய்விடக்கூடியவை, இரண்டிலும் எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். (மார்னர் அந்தக் கோடையிலேயே லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டார், அதைப் பற்றி இந்தக் கடையில் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.) அந்த நொடியில் எழுந்த சத்தத்தை விவரிக்க நான் முயலப்போவதில்லை. ஆசிரியர் தன் பேத்தியின் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்ததும், கொத்துக்காரர் ஓடிப்போய்த் தகடுகளை எடுத்து வெறும் தட்டில் தாளம் போட்டதும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. எங்கள் நாட்டையும் எடுக்க முடியாது, எங்கள் விளையாட்டையும் எடுக்க முடியாது என்ற பொருளில் அன்றிரவு அப்போதைய பிரதமர் ட்ரூடோ இணையத்தில் எழுதியதை யாரோ உரக்க வாசித்தார்கள். அரசியல்வாதியின் வாசகத்துக்கு இந்தக் கடையில் கைதட்டல் கிடைத்ததை நான் அன்று மட்டும்தான் பார்த்தேன்.

இனி, குறை. முன்னறையில் இது நடந்துகொண்டிருந்தபோது பின்னறையில் இருந்த இருபது பேர் அசையாமல் இருந்தார்கள். காரணம், முன்னறைத் திரைகள் கேபிள் இணைப்பில் ஓடுகின்றன. பின்னறைத் திரை இணையச் செயலியில் ஓடுகிறது. இணைய வழியில் வரும் படம் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டு வருவதால் அரை நிமிடம் வரை பிந்துகிறது. ஆகவே பின்னறையில் இருந்தவர்களுக்கு, கோல் விழுவதற்கு முன்பே கோல் விழுந்துவிட்டது. முன்னறை அலறியது, அவர்களுடைய திரையில் மெக்டேவிட் இன்னும் மாற்று வீரர்களின் இருக்கையைவிட்டு இறங்கவே இல்லை. ஒருவர் கதவைச் சாத்தினார், பயனில்லை. வரலாற்றை அரை நிமிடம் முன்கூட்டி அறிந்துகொண்டு, அது நடப்பதற்காகக் காத்திருந்த அந்த முகங்களைப் போலப் பரிதாபமான காட்சியை நான் ஹொக்கியில் கண்டதில்லை.

எனக்கு இதில் ஒரு பழைய அனுபவமும் உண்டு. 2010 பெப்ரவரி 28 அன்று, நான் கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருந்தேன். வன்கூவர் ஒலிம்பிக்கின் கடைசி நாள். கனடாவும் அமெரிக்காவும் இறுதியாட்டத்தில். விதிமுறை ஒன்றும் தெரியாது. கம்பி அன்டெனா பூட்டிய பழைய தொலைக்காட்சியில், வேலைக்குப் போக நேரம் இருந்ததால் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடா 2-1 என்று முன்னே இருக்க, ஆட்டம் முடிய 24.4 விநாடிகள் இருக்கும்போது சாக் பரிசே சமன் செய்தார். மேலே குடியிருந்த வயதான கனடியத் தம்பதியின் வீட்டில் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. மேலதிக நேரத்தின் 7 நிமிடம் 40 ஆவது விநாடியில், இருபத்திரண்டு வயதான சிட்னி குறோஸ்பி "இகி!" என்று கத்தி ஜரோம் இகின்லாவிடமிருந்து பக்கை வாங்கி, றயன் மில்லரின் கால்களுக்கிடையே அனுப்பியபோது, நான் ஏன் கத்துகிறேன் என்று தெரியாமலேயே கத்தினேன். சில விநாடிகளுக்குப் பிறகுதான் கூரையிலிருந்து அவர்களுடைய சத்தம் வந்தது. அவர்களிடம் இருந்தது கேபிள், என்னிடம் இருந்தது காற்றில் நேராக வந்த படம். மறுநாள் படியில் கண்டபோது அந்த அம்மா, "நீ கத்தியபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது" என்றார். அந்த ஆட்டத்தைக் கனடாவில் சராசரியாக 1 கோடியே 66 இலட்சம் பேர் பார்த்தார்கள், அதாவது ஏறத்தாழ நாட்டில் பாதி. அந்தப் பாதியில் நானும் ஒருவன் என்பது எனக்குத் தெரிந்தது அந்தப் படியில்தான்.

ஆகவே அந்த அரை நிமிடத்தை நான் சின்னக் குறையாக எடுக்கவில்லை. முதலாளியிடம் பேசினேன். ஒலிம்பிக் காலத்தில் கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசியின் ஒளிபரப்புக்கு ஒரு கூரை அன்டெனா போட்டு எல்லாத் திரைகளுக்கும் அதையே பிரித்துக் கொடுக்கலாம் என்றேன்; செலவும் குறைவு. "பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் "பாப்பம்" என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்ட இடைவேளைகளில் பார்த்துக்கொண்டிருக்க வேறொன்றும் இல்லை. குறோஸ்பி கைகளை விரித்துக் கத்தும் படம் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பக்கத்தில் ஒரு டொலர் நாணயத்தின் பெரிதாக்கிய படம்: 2002 இல் சோல்ட் லேக் சிட்டியில் பனித்தளம் அமைத்த கனடியர் ஒருவர், தளத்தின் நடுவில் ஒரு கனடிய டொலரை இரகசியமாகப் புதைத்துவைத்தார், அந்தத் தளத்தில் கனடாவின் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் அமெரிக்காவை வென்று தங்கம் பெற்றன. ஆண்களுக்கு அது சரியாக ஐம்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த தங்கம். அந்த நாணயம் ரொறன்ரோ ஹொக்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் ஹொக்கியே இல்லை. 2006 ரூரின் ஒலிம்பிக்கில் நீள்தூரப் பனிச்சறுக்குப் போட்டியில் சேரா ரெனர் என்ற கனடிய வீராங்கனையின் ஊன்றுகோல் நடுவழியில் முறிந்தது. ஓரத்தில் நின்ற நோர்வே அணியின் பயிற்சியாளர் பியோர்னர் ஹோகன்ஸ்மூன் தன்னுடைய கோலை நீட்டினார். ரெனரும் பெக்கி ஸ்கொட்டும் வெள்ளி வென்றார்கள். நோர்வே நான்காவதாக வந்து பதக்கத்தை இழந்தது. கனடா மக்கள் நன்றியாக ஆயிரக்கணக்கான மேப்பிள் பாகுத் தகரங்களைச் சேர்த்து நோர்வேக்கு அனுப்பினார்கள். கடையில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு தட்டில் மேப்பிள் பாகுப் போத்தல் வைத்திருக்கிறது. அது காட்சிக்கா சாப்பிடவா என்று நான் கேட்டதில்லை. பிள்ளைகள் அதை ரொட்டியில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சுவரில் ஒரு பெண் ஹொக்கி வீராங்கனையின் படமும் இல்லை. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. மரி-பிலிப் பூலான் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் கோல் அடித்தவர். 2010 இல் அமெரிக்காவை 2-0 என்று வென்ற ஆட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவை. 2014 இல் சோச்சியில் கனடா 2-0 என்று பின்தங்கி, ஆட்டம் முடிய மூன்றரை நிமிடத்துக்குக் குறைவாக இருந்தபோதுதான் முதல் கோலை அடித்தது, இன்னொரு வீராங்கனையை இறக்குவதற்காகக் காப்பாளர் இன்றி வெறுமையாக விடப்பட்ட கனடாவின் வலையை நோக்கி அமெரிக்கர் தள்ளிய பக் கம்பத்தில் பட்டு விலகியது, 54.6 விநாடிகள் இருக்கும்போது பூலான் சமன் செய்தார், மேலதிக நேரத்தில் அவரே வென்றும் கொடுத்தார். கனடாவின் ஹொக்கிப் பெருமையில் இதைவிட நெஞ்சை அடைக்கவைத்த ஆட்டம் ஆண்களிடமும் இல்லை என்பது என் தீர்ப்பு. ஆனால் 2025 ஏப்ரல் 20 இல் பெண்கள் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தைப் பார்க்க என் மகளோடு இந்தக் கடைக்குப் போனபோது பெரிய திரையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதன் பேரில் பக்கச் சுவரின் சிறிய திரையில், ஒலி இல்லாமல் போட்டார்கள். கொத்துச் சத்தம் மேலதிக நேரத்திலும் ஓயவில்லை. கனடா 4-3 என்று அமெரிக்காவிடம் தோற்றதை நானும் மகளும் இன்னும் இருவரும் மட்டும் பார்த்தோம். பிற்பாடு முதலாளியிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. பூலானின் நல்ல படம் ஒன்று இருந்தால் கொண்டுவந்து தரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆணி இன்னும் அடிக்கப்படவில்லை.

தோற்ற இரவுகளில் இந்தக் கடையின் பண்பு தெரிகிறது. 2025 சனவரி 2 இல் உலக இளையோர் போட்டியின் காலிறுதியில், சொந்த மண்ணில், செக் அணியிடம் 4-3 என்று கனடா தோற்றபோது ஒருவரும் திரையைத் திட்டவில்லை. முதலாளி எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினார், காசு எழுதவில்லை. "பதினெட்டு பத்தொன்பது வயதுப் பொடியள், அழுறாங்கள் பாருங்கோ" என்று ஒரு அம்மா சொன்னார். அதற்குப் பிறகு எல்லோரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆட்டுக்கொத்து நல்லது, இறைச்சி தாராளமாக இருக்கும், குழம்பு ஊறும் அளவு சரி, உறைப்பு கேட்டால் உறைப்பு. மீன் ரோல்ஸ் இந்தப் பகுதியில் நான் சாப்பிட்டவற்றில் மேலானவை: வெளித்தோல் மொறுமொறுப்பாக, உள்ளே மிளகு தூக்கலாக. கணவாய்ப் பொரியலை ஆட்ட நாட்களில் தவிர்க்கவும். கூட்டத்தில் முன்கூட்டியே பொரித்து வைத்துவிடுகிறார்கள், இடைவேளையில் வரும்போது அது பக்கைப் போலவே இருக்கிறது. உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் சீஸ் துண்டுகளும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஊற்றிய ஒரு பூட்டின் உண்டு. கியூபெக்காரர்கள் இதைக் கண்டால் என்ன சொல்வார்களோ தெரியாது, என் பிள்ளைகள் வேறெதையும் கேட்பதில்லை.

ஆட்ட நாட்களில் தலைக்கு 25 டொலருக்காவது சாப்பிட வேண்டும் என்று அட்டை தொங்குகிறது. மூன்று மணித்தியாலம் ஒரு கதிரையைப் பிடித்திருப்பதற்கு அது நியாயமானதே. அந்தக் காசுக்குப் பரிமாறுதலும் அதே அளவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று, நடுவே இரண்டு இடைவேளைகள் என்பதால், அறுபது பேரும் அந்த இரண்டு இடைவேளைகளில்தான் சாப்பாடு கேட்கிறார்கள். மேசைகளைக் கவனிக்க இரண்டு பிள்ளைகள் மட்டுமே நிற்கிறார்கள். பெப்ரவரி 20 இல் நான் முதல் இடைவேளையில் சொன்ன ரோல்ஸ் இரண்டாம் இடைவேளையில் வந்தது. கணக்குச் சீட்டு, மெக்டேவிட் கோல் அடித்து முக்கால் மணிக்குப் பிறகு. வாகனத் தரிப்பிடம் சிறியது. பனி வழித்த பிறகு குவியல்கள் நாலைந்து இடத்தை விழுங்கிவிடும்.

இதை 2025 கார்த்திகையில் எழுதுகிறேன். 2026 பெப்ரவரியில் மிலானிலும் கோர்ட்டினாவிலும் குளிர்கால ஒலிம்பிக். 2014 இற்குப் பிறகு முதல் தடவையாக என்எச்எல் வீரர்கள் போகிறார்கள். அங்கே நேரம் எங்களுக்கு ஆறு மணித்தியாலம் முன்னே என்பதால் ஆட்டங்கள் இங்கே காலையிலும் மதியத்திலும் வரும். ஆண்கள் இறுதியாட்டம் பெப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை. கடையை விடியற்காலையிலேயே திறந்து இடியப்பமும் சொதியும் சம்பலும் போடப்போவதாக முதலாளி சொல்கிறார். இடியப்பம் பிழிவதற்குச் சத்தம் இல்லை என்பதால் கொத்து விதி தேவைப்படாது என்று அவரே சொல்லிச் சிரித்தார். பெப்ரவரி 19 இல் நடக்கும் பெண்கள் இறுதியாட்டத்தைப் பெரிய திரையில், முழு ஒலியோடு போடுவதாக என் மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவள் அதை ஒரு பழைய கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

மேசைக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாது. நேரில் போய்க் கல்லாவில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுத வேண்டும். பின்னறையை எழுதினால், அன்டெனா பூட்டியாகிவிட்டதா என்று முதலில் கூரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்னறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்து மேசை மட்டும் இல்லை. அது இரண்டு ஆட்டங்களுக்கும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, நாலு பேருக்கு.